ஏழாம் பாத்தியின் மூச்சு

கணவர்: மூடியை அழுத்திப் பிடின்னு நீதானே சொன்னே?

மனைவி: கருவியோட மூடியைத்தான் அழுத்தச் சொன்னேன். அது மேல ஏறிப் படுத்துக்கச் சொல்லல. வளையம் மண்ணுக்குள்ள இறங்குது பாருங்க.

கணவர்: வளையம் இறங்கல. என் முட்டிதான் இறங்குது. ஓய்வு வாங்கின மனுஷனை, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, வெயில்ல மண்டி போட வச்சு...

மனைவி: பேசாதீங்க. மூச்சை அந்தப் பக்கமா விடுங்க.

கணவர்: என்னது?

மனைவி: உங்க மூச்சை. முகத்தைத் திருப்பிக்கிட்டு விடுங்க. மண்ணு விடற மூச்சை அளந்துக்கிட்டு இருக்கேன். நடுவுல நீங்க வேற ஊதினா, எது மண்ணோடது, எது உங்களோடதுன்னு கருவிக்கு எப்படித் தெரியும்?

கணவர்: முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்ததுக்கு, மூச்சு விடவும் உன்கிட்ட கேட்டுக்கணும்.

மனைவி: ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள ஒண்ணும் ஆகிடாது.

கணவர்: ...

மனைவி: ...

கணவர்: ஆச்சா?

மனைவி: ஒன்பது.

கணவர்: இன்னும் ஒன்பது நிமிஷமா?

மனைவி: கருவி ஒன்பதுன்னு காட்டுது. காலையில வந்ததும் ஒன்பது. டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா ஒன்பது. இப்பவும் ஒன்பது. என் தலையெழுத்தையே யாரோ இதுக்குள்ள எழுதி வச்ச மாதிரி.

கணவர்: பக்கத்துப் பாத்தி?

மனைவி: மூணு. அதுக்கு அடுத்ததும் மூணு. ஏழாம் பாத்தியிலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும், ஆறும் சூடு வைக்காத பாத்தி. ஒரே மண்ணு, ஒரே வெயில், வாரத்துக்கு ரெண்டு வாளின்னு ஒரே அளவு தண்ணி. அஞ்சு பாத்தி சமர்த்தா மூணு மூணுன்னு மூச்சு விடுது. இது ஒண்ணு மட்டும் மலை ஏறிட்டு வந்த மாதிரி ஒன்பது விடுது.

கணவர்: சூடு வச்ச ஆறு?

மனைவி: நாலே கால். அது நியாயம். அடியில கம்பி ஓடுது, மூணு டிகிரி கூடுதல் சூடு. மண்ணு சூடானா உள்ள இருக்கிற நுண்ணுயிரெல்லாம் மக்கின இலை தழையை வேக வேகமா தின்னும்...

கணவர்: தின்னா மூச்சு வாங்கும். அந்த மூச்சு மேல போய் பூமியை இன்னும் சூடாக்கும். சூடானா இன்னும் தின்னும். பதினோரு வருஷமா ராத்திரி சாப்பாட்டுக்கு நான் இதைத்தானே தொட்டுக்கறேன்.

மனைவி: அப்படின்னா நாளைக்கு என்ன ஆகும்னும் தெரிஞ்சிருக்கணுமே.

கணவர்: பத்து மணிக்குப் பணம் கொடுக்கிற குழு வருது.

மனைவி: வருது. அறிக்கையைப் பிரிப்பாங்க. இந்தப் பாத்தியையும் சேர்த்து சராசரி போட்டா, சூடு வைக்காததுக்கு நாலு. சூடு வச்சதுக்கு நாலே கால். "இவ்வளவுதானா வித்தியாசம்? சூட்டால மண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே. இதுக்கா பதினோரு வருஷம் மின்சாரம் கொடுத்தோம்?"னு கேட்டுட்டு, கம்பியைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க.

கணவர்: ஏழாம் பாத்தியைக் கணக்குலேர்ந்து விட்டுடு.

மனைவி: விடலாம். ஏன் விட்டேன்னு காரணம் எழுதணும். காரணம் இல்லாம விட்டா, தனக்குப் பிடிக்காத எண்ணை மறைச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க. வேற யாராவது அப்படிப் பண்ணினா முதல் ஆளா நானே சொல்லுவேன்.

கணவர்: ஓ... அதனாலதான் பதினாலாம் பக்கம் அப்படிக் கிடந்ததா? நேத்து பிழை பார்க்கக் கொடுத்தியே. "ஏழாம் பாத்தி கணக்கில் சேர்க்கப்படவில்லை. காரணம்"னு போட்டு, பக்கத்துல ரெண்டு புள்ளி. அதுக்கப்புறம் பாலைவனம்.

மனைவி: நிரப்புவேன்.

கணவர்: அச்சகத்துல முப்பது வருஷம் பிழை திருத்தினேன். எழுத்தை விட்டவங்களைப் பார்த்திருக்கேன். வரியை விட்டவங்களைப் பார்த்திருக்கேன். காரணத்தையே விட்டவ நீ ஒருத்திதான்.

மனைவி: இதைச் சொல்லத்தான் கூட வந்தீங்களா?

கணவர்: மூடி பிடிக்க வந்தேன். அப்படியே சாப்பாடும் கொண்டு வந்தேன். மணி பன்னிரண்டு ஆகப் போகுது. பசிக்கலையா?

மனைவி: பசிக்கல. டப்பாவை நிழல்ல வைங்க... அங்க இல்லை. பாத்திக்கிட்ட வேண்டாம். பெஞ்சு மேல வைங்க.

கணவர்: கீழ வச்சா என்ன, மண்ணு எடுத்துத் தின்னுடுமா?

மனைவி: அதெல்லாம் இல்லை. எறும்பு ஏறும்.

கணவர்: சரி. பாத்தியைப் பத்தி சொல்லு. எப்பலேர்ந்து இப்படி?

மனைவி: ஒன்றரை வருஷமா.

கணவர்: நான் ஓய்வு வாங்கினது அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடிதான்.

மனைவி: அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உலகத்துல நடக்கிறதெல்லாம் நீங்க ஓய்வு வாங்கினதாலதான் நடக்குதா?

கணவர்: வருஷம் ஞாபகத்துல நிக்கட்டுமேன்னு சொன்னேன். ஏன் இப்படிப் பாயற?

மனைவி: பாயல. கேளுங்க. முதல்ல மூணுலேர்ந்து அஞ்சுக்குப் போச்சு. அஞ்சுலேயே பதினாலு மாசம் நின்னுது. அதுகூடப் பரவாயில்லை...

கணவர்: அது ஏன் பரவாயில்லை?

மனைவி: பரவாயில்லைன்னா... ஏதாவது இருக்கும். மரத்து வேர் வந்திருக்கும், இலை விழுந்திருக்கும். அதை விடுங்க. என் உயிரை வாங்கறது ரெண்டாவது ஏத்தம். நாலு மாசத்துக்கு முன்னாடி திடீர்னு அஞ்சுலேர்ந்து ஏழு, எட்டு, ஒன்பது. யாரும் எதையும் மாத்தல. மழை இல்லை. காத்து இல்லை. சும்மா இருந்த மண்ணு ஏன் எகிறணும்?

கணவர்: முதல் ஏத்தத்துக்கு "ஏதாவது இருக்கும்". ரெண்டாவதுக்கு மட்டும் உயிர் போகுது.

மனைவி: எழுத்துக்கு எழுத்து பிடிக்காதீங்க. இது அச்சகம் இல்லை.

கணவர்: பிழை எங்க இருந்தாலும் பிழைதான். வேற என்ன அளந்தே?

மனைவி: தழைச்சத்து ரெண்டு மடங்கு இருக்கு.

கணவர்: அது எதுலேர்ந்து வரும்?

மனைவி: செத்த உடம்பு, சாணம், இலை... பயறு, பருப்பு...

கணவர்: பருப்பு?

மனைவி: பருப்புச் செடி. செடியோட வேரைச் சொன்னேன்.

கணவர்: ம். அப்புறம்?

மனைவி: அப்புறம் உப்பு. அதுதான் தலையைச் சுத்துது. முதல் பதினாலு மாசம் மண்ணுல உப்பு ஏறிக்கிட்டே வந்தது. மத்த பாத்தியில எங்கேயும் இல்லாத உப்பு. நாலு மாசத்துக்கு முன்னாடி அந்த உப்பு இறங்க ஆரம்பிச்சுது. வாரம் ரெண்டு வாளி ஊத்தறோம் இல்லையா, அது கொஞ்சம் கொஞ்சமா கழுவிக்கிட்டுப் போகுது. புதுசா உப்பு சேரல. உப்பு இறங்க இறங்க மூச்சு ஏறுது.

கணவர்: உப்பு இருந்தா அதுங்களுக்கு ஆகாதா?

மனைவி: எத்தனை தடவை சொல்றது? உப்பு, அதுங்க உடம்புல இருக்கிற தண்ணியை வெளியே இழுத்துடும். வத்திச் சுருங்கிப் போயிடும். எதிர்ல இலை போட்டுப் பரிமாறினாலும் தின்ன முடியாது.

கணவர்: பாவம்.

மனைவி: பாவமெல்லாம் இல்லை. வேதியியல்.

கணவர்: எனக்கென்னமோ பாவம்னுதான் தோணுச்சு.

மனைவி: தோணுச்சா? எப்ப?

கணவர்: இப்பதான்.

காவலாளி: மேடம், தண்ணி கொண்டு வந்தேன். சாருக்கும் ஒரு பாட்டில். ஞாயித்துக்கிழமையும் விடலையா மேடம் இந்தப் பாத்தியை?

மனைவி: அது எங்க என்னை விடுது? பாட்டிலை அப்படி வைங்க. கோட்டுக்கு வெளியில.

காவலாளி: தெரியும் மேடம். இந்தக் காவல் வேலையில சேர்ந்த முதல் வருஷம் இங்க அரை டம்ளர் டீயைக் கொட்டிட்டேன் சார். மேடம் மூணு நாள் என்கூடப் பேசலை. நாலாம் நாள் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாங்க. அதுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

கணவர்: டீக்கே அவ்வளவா?

காவலாளி: "ஒரு டம்ளர் டீ, ஒரு மாசத்துக் கணக்கைக் கெடுக்கும்"னு சொன்னாங்க. அன்னையிலேர்ந்து இந்தப் பக்கம் எச்சில்கூட முழுங்கிக்கறேன் சார்.

மனைவி: சரி, நீங்க கேட்டுக்குப் போங்க.

காவலாளி: போறேன் மேடம். ஆனா ஒண்ணு, பன்னிரண்டு பாத்தியிலேயும் இந்த மூலை மண்ணுதான் சார் மண்ணு. என்னா மண்புழு. மேடம் தினமும் மத்தியானம் இங்கதானே வந்து உட்கார்ந்து...

மனைவி: உட்கார்ந்து சாப்பிடறேன். நிழல் இருக்கு. அதுல என்ன?

காவலாளி: அதுல ஒண்ணுமில்லை மேடம். சாப்பிடறீங்க. நான் வேறென்ன சொன்னேன்?

கணவர்: நல்லா சாப்பிடறாங்களா?

காவலாளி: டப்பா காலியாதான் சார் போகுது.

மனைவி: உங்களைக் கேட்டுக்குப் போகச் சொன்னேன்.

காவலாளி: இதோ. சார், அன்னைக்கு நீங்க மேடத்தோட மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கிட்டு வந்தப்போ, அந்த பம்பு அறைகிட்ட ரொம்ப நேரம் வெயில்லயே நின்னீங்களே...

கணவர்: கேட்டுல யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு.

காவலாளி: யாரும் கூப்பிடலையே சார்.

கணவர்: கூப்பிடறாங்க. போய்ப் பாருங்க.

காவலாளி: ஓகோ... ஆமா சார். கூப்பிடறாங்க. ரெண்டு பேருமே என்னை அனுப்பறீங்க. போறேன்.

மனைவி: எந்தக் கண்ணாடி? நீங்க எப்ப இங்க வந்தீங்க?

கணவர்: ஒரு நாள் வீட்டுல மறந்து வச்சுட்டுப் போயிட்டே. கொண்டு வந்தேன். நீ மும்முரமா வேலை பார்த்துக்கிட்டு இருந்தே. தொந்தரவு வேண்டாம்னு திரும்பிட்டேன்.

மனைவி: அன்னைக்குச் சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தப்போ கண்ணாடி மேஜை மேலதான் இருந்தது.

கணவர்: அதுவும் என்கூடத் திரும்பி வந்துடுச்சு. இப்ப அதுவா முக்கியம்? இந்தப் பாத்திக்கு எல்லை எது?

மனைவி: பேச்சை மாத்தாதீங்க.

கணவர்: பேச்சே பாத்தியைப் பத்திதானே? எல்லை எது?

மனைவி: நாலு பக்கமும் இரும்புத் தகடு இறக்கியிருக்கு. ரெண்டு முழ ஆழம். வேர் போகாது, தண்ணி போகாது, புழு போகாது. வெளியில என்ன நடந்தாலும் உள்ள ஒட்டாது.

கணவர்: வெளியில என்ன நடக்குது?

மனைவி: ஒண்ணும் நடக்கல. பொதுவா சொன்னேன்.

கணவர்: தகடு போட்டு எத்தனை வருஷம் ஆச்சு?

மனைவி: பதினொண்ணு.

கணவர்: பதினோரு வருஷம் ஈரத்துல நின்ன இரும்பு. நம்ம வீட்டு மாடிக் கைப்பிடி ஏழு வருஷத்துலயே உதிர்ந்து, பெயின்டர் சிரிச்சான்.

மனைவி: இது கெட்டித் தகடு.

கணவர்: பார்த்தியா?

மனைவி: மேல்விளிம்பு நல்லாதான் இருக்கு.

கணவர்: அடி?

மனைவி: தோண்டாம எப்படிப் பார்க்கிறது? தோண்டினா பாத்தி கலைஞ்சு போயிடும்.

கணவர்: வெளிப்பக்கமாத் தோண்டலாமே. இந்தப் பெஞ்சுகிட்ட. அந்த மண்ணு தோண்டற கரண்டியைக் கொடு.

மனைவி: அங்க வேண்டாம். அந்தப் பக்கம் தோண்டுங்க.

கணவர்: அந்தப் பக்கம் கல்லாட்டம் இருக்கு. இங்க பாரு, வெண்ணெய் மாதிரி இறங்குது. தகட்டை ஒட்டி யாரோ தினமும் கிளறின மாதிரி...

மனைவி: விடுங்கன்னு சொல்றேன் இல்லை? கரண்டியை இங்க கொடுங்க.

கணவர்: இரு, எதுலயோ இடிக்குது. டிங்னு கேட்டுது பாரு. அட... ஸ்பூன். பிடியில மூணு கோடு. நம்ம வீட்டு ஸ்பூனுக்கும் இதே மூணு கோடுதான். ஆறு ஸ்பூன்ல ரெண்டைக் காணோம்னு நான் வேலைக்காரம்மாவை வேற ஒரு பார்வை பார்த்துட்டேன்.

மனைவி: கழுவறப்போ விழுந்திருக்கும்.

கணவர்: ஒரு ஜாண் ஆழத்துக்கா?

மனைவி: மண்புழு இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்.

கணவர்: மண்ணைப் பத்தி முப்பது வருஷம் படிச்ச வாயால இன்னொரு தடவை சொல்லு.

மனைவி: நான்தான்.

கணவர்: என்ன நீதான்?

மனைவி: தெரிஞ்சுக்கிட்டே கேட்காதீங்க. சாப்பாட்டைத்தான். நீங்க கட்டிக் கொடுக்கிற நாலு அடுக்கையும் இங்கதான் கொட்டி மூடறேன். ஒன்றரை வருஷமா. போதுமா?

கணவர்: தினமுமா?

மனைவி: முதல் மாசம் சாப்பிட்டேன். கண்ணுல தண்ணி முட்ட முட்டச் சாப்பிட்டேன். அந்த உப்பு... எப்படிங்க அவ்வளவு உப்பு போட முடியுது உங்களால? கடலைக் காய்ச்சிக் கட்டிக் கொடுத்த மாதிரி இருக்கும். மத்தியானம் முழுக்கத் தண்ணி குடிச்சுக் குடிச்சு எனக்கு வயிறு ஊதிப் போகும்.

கணவர்: என் நாக்குக்குச் சரியாதான் இருந்தது.

மனைவி: அச்சகத்து மையை நக்கி நக்கிப் பக்கம் புரட்டின நாக்கு அது. அதுக்கு எல்லாம் சரியாதான் இருக்கும்.

கணவர்: சொல்லியிருக்கலாம்.

மனைவி: சொன்னேன். முதல் வாரமே, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். அன்னைக்கு நீங்க சாப்பிடாமலே போய்ப் படுத்தீங்க. ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் நீங்க இருந்த கோலம் எனக்குத்தான் தெரியும். வேலைக்குப் போக வேண்டாம்னு ஆனதும் சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துட்டீங்க. பழைய பேப்பரை எடுத்து அதுல பிழை பார்த்தீங்க. அப்புறம்தான் மத்தியானச் சமையல் மட்டும் என்னோடதுன்னு இறங்கினீங்க. சாயந்திரம் நான் வந்ததும் டப்பாவைத் திறந்து பார்ப்பீங்க. காலியா இருந்தா ஒரு தட்டு தட்டுவீங்க. அந்தச் சத்தத்துக்காகத்தான் கொட்டினேன். வேற எதுக்கு?

கணவர்: அதுக்கு இந்த இடம்தானா கிடைச்சுது? குப்பைத் தொட்டி இல்லையா?

மனைவி: தொட்டியை அந்தக் காவலாளி கிளறுவாரு. யார் என்ன வீசினாங்கன்னு ஊருக்கே சொல்லுவாரு. வேலிக்கு வெளியில போட்டேன், நாய் பின்னாலயே வர ஆரம்பிச்சுது. இங்க புதைச்சா ரெண்டு நாள்ல அடையாளமே இருக்காது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்துதான் செஞ்சேன். பாத்திக்கு வெளியில, தகட்டுக்கு இந்தப் பக்கம். உள்ள ஒட்டாதுன்னு...

கணவர்: தகடு இதோ. விரலால தொட்டேன். பிஸ்கட் மாதிரி உதிருது. கை நுழையற ஓட்டை.

மனைவி: காட்டுங்க... ஐயோ. இந்த வழியாத்தான் எல்லாம் போயிருக்கு. புழுவும் போயிருக்கு, பூஞ்சை இழையும் போயிருக்கு. பருப்பும் பயறும் கீரையும்... தழைச்சத்து எதுலேர்ந்து வரும்னு கேட்டீங்களே. எனக்கு வெட்கமா இருக்கு. டீ கொட்டினவரை மூணு நாள் பேசாம வதைச்சவ நான்.

கணவர்: ஒரு மணி நேரம் பேசியும் வதைச்சே.

மனைவி: சிரிக்காதீங்க. உங்களுக்குக் கோபம் வரலையா?

கணவர்: ஒரு கைப்பிடி மண்ணுக்குள்ள கோடிக்கணக்கான உயிர்னு நீதானே சொல்லுவே. இந்தக் கை அத்தனை கோடி பேருக்குப் படியளந்திருக்கு. கல்யாண மண்டபத்துச் சமையல்காரருக்குக்கூட அந்தக் கொடுப்பினை இல்லை. நான் எதுக்குக் கோவிச்சுக்கணும்?

மனைவி: நீங்க இப்படிப் பேசினா எனக்கு இன்னும் எரிச்சலா வருது. திட்டுங்களேன்.

கணவர்: அப்புறம் திட்டறேன். முதல்ல பதினாலாம் பக்கத்தை எடு. காரணம் கிடைச்சிருக்கு இல்லையா? ரெண்டு புள்ளிக்குப் பக்கத்துல எழுது.

மனைவி: எழுதினா நாளைக்கு அத்தனை பேருக்கும் முன்னாடி என் மானம் போகும்.

கணவர்: எழுதலைன்னா பதினோரு வருஷம் போகும். எது வேணும்? பேனா என்கிட்ட இருக்கு.

மனைவி: கொடுங்க. எப்படி எழுதறது? "தவறுதலாக உணவுப் பொருள் சிந்தியதால்"...

கணவர்: சிந்தினது எங்கே? புதைச்சே. அந்த வார்த்தையை அடி.

மனைவி: "ஏழாம் பாத்தியின் எல்லைத் தகடு துருவேறிச் சிதைந்திருந்தது. ஆய்வாளர் தமது மதிய உணவைப் பதினெட்டுத் திங்களாக அத்தகட்டை ஒட்டிப் புதைத்து வந்தார். அவ்வுணவின் சத்து பாத்தியினுள் கலந்தது. ஆகவே இப்பாத்தியின் அளவீடுகள் ஏற்கத்தக்கன அல்ல." போதுமா?

கணவர்: "ஆய்வாளர்"னா பன்னிரண்டு பேர் இருக்கீங்க.

மனைவி: "அறிக்கையைச் சமர்ப்பிக்கும் ஆய்வாளர்". ஆச்சா? பிராணன் போகுது உங்களோட.

கணவர்: இப்ப பிழை இல்லை. ஆனா பாதிதான் இருக்கு.

மனைவி: தெரியும். இது முதல் ஏத்தத்துக்குத்தான் காரணம். ரெண்டாவதுக்கு என்ன எழுத? நாலு மாசத்துக்கு முன்னாடியும் இதே நாலு அடுக்குதான் கொட்டினேன். அதே நேரம், அதே ஸ்பூன். உப்பு ஏறிக்கிட்டே போயிருக்கணும். ஏன் இறங்கிச்சு? குழுவுல ஒருத்தர் கண்டிப்பா கேட்பாரு. இதைச் சொல்ல முடியலைன்னா அதையும் நம்ப மாட்டாங்க.

கணவர்: பசியோட யோசிச்சா வராது. ஒரு வாய் சாப்பிடு.

மனைவி: இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்.

கணவர்: எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே யாருக்காகப் புதைக்கணும்? இந்தா, முதல் அடுக்கு. பருப்பு.

மனைவி: பழி வாங்கறீங்க.

கணவர்: வாங்கறேன். தண்ணி பாட்டில் பக்கத்துலயே இருக்கு. சாப்பிடு.

மனைவி: கொடுங்க. நான் செஞ்சதுக்கு இது எனக்கு வேணும். இதோ வாயில வச்சாச்சு, போதும் இல்லை... என்னங்க இது?

கணவர்: என்ன?

மனைவி: உப்பே இல்லை. அவசரத்துல மறந்துட்டீங்களா?

கணவர்: கீரையையும் பாரு.

மனைவி: கீரையிலயும் இல்லை. பயறுலயும் இல்லை. என்ன ஆச்சு உங்களுக்கு? ஒரு கல் உப்புகூட... இருங்க. கண்ணாடி கொண்டு வந்தேன்னு சொன்னீங்களே. அது எப்ப?

கணவர்: நாலு மாசம் முன்னாடி, நீ டப்பாவை இங்க கொட்டினப்போ. பேனாவைக் கீழ வைக்காதே. ரெண்டாவது வரியைச் சொல்றேன், எழுதிக்கோ. "கடந்த நான்கு திங்களாக அவ்வுணவு உப்பின்றிச் சமைக்கப்பட்டது." மண்ணுல இருக்கிறதுங்களுக்கு உப்பு ஆகாதுன்னு நீதானே சொன்னே. நடுவுல ஒரே ஒரு நாள் நீ வாயில வச்சுப் பார்த்திருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்.